பதினோரு எலிக்குட்டிகளை இடம் மாற்றியது குறித்து

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. அக்காவின் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம்.

நீங்கள் சிபாரிசு செய்து வாங்கித் தந்த ஆய்வுக்கூட வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன். எலி அறையில் இருபத்திரண்டு வருடமாகக் கூண்டு கழுவுகிறேன். வாலைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தால் குட்டி ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவேன், அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர் நீங்கள். போன வாரம் இங்கே ஆராய்ச்சி செய்யும் அம்மாவின் கூண்டுகளில் குட்டி போட்டிருந்தன. பார்த்தால் பெண், பெண், மறுபடி பெண். மூன்று பெண்களைப் பெற்றவன் நான். ஒவ்வொரு தடவையும் அக்கா வாசலில் நின்றபடியே, "இதுவும் பொண்ணா? உன் பொண்டாட்டி ராசி அப்படி" என்றதும், என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததும் மறக்கவில்லை. அந்தத் தாய் எலிகளுக்காவது இந்தப் பேச்சு வேண்டாம் என்று பதினோரு பெண்குட்டிகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து பதினோரு பையன்களைக் கொண்டுவந்து வைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று மாற்றிய குட்டிகளின் வாலில் பச்சை மையால் புள்ளியும் வைத்தேன்.

மறுநாள் அம்மா சிரித்த முகத்தோடு வந்தார். "இந்தக் கூண்டுல பொண்ணு அதிகமாப் பொறக்கணும்ணே. அதுக்குத்தான் மூணு வருஷமா உயிரை விடறேன்" என்றார். எக்ஸ், ஒய் என்று இரண்டு குரோமோசோமாம். ஒரு காலத்தில் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்த ஜோடி, பிறகு பங்காளிச் சண்டை. ஒய் தன் மரபணு ஒன்றுக்குப் பல நகல் எடுத்து வைத்தால், எக்ஸும் போட்டிக்குத் தன் பக்கம் நகலைப் பெருக்குமாம். லட்சக்கணக்கான வருடமாக இப்படி ஆள் சேர்க்கிறார்கள். இந்தக் கூண்டு அப்பன் எலிகளிடம் ஒய் பக்கத்து ஆள் குறைவு, அதனால் எக்ஸ் கை ஓங்கி, பெண் பெண்ணாகப் பிறக்கிறது. "ஆணா பொண்ணாங்கறது அப்பன் குடுக்கறதுல இருக்குண்ணே, அம்மாக்காரி என்ன பண்ணுவா?" என்றார். குட்டிகளைத் திருப்பி வைத்துவிடலாம் என்று ஓடிப்போய்ப் பார்த்தால், தாய் எலிகள் பச்சைப் புள்ளியை ஒன்றுவிடாமல் நக்கிச் சுத்தம் பண்ணியிருக்கின்றன. வெள்ளிக்கிழமை ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எண்ணப்போகிறார்கள். அந்தப் பிள்ளையின் மூன்று வருட உழைப்பை ஒரே நாளில் பாழாக்கிவிட்டேனே அத்தான், சோறு இறங்கவில்லை. ராஜினாமாக் கடிதம் இத்துடன் இருக்கிறது. நீங்களே நேரில் வந்து கொடுத்து, எனக்காக இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

அக்காவுக்கு நமஸ்காரம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
முகத்தில் முழிக்க முடியாத மைத்துனன்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் மனசு கேட்காமல் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எல்லாக் குட்டிகளின் வால் நுனியிலும் துளி வெட்டி மரபணுச் சோதனை செய்து, எது யார் பிள்ளை என்று கண்டுபிடித்து அந்தந்தத் தாயிடம் சேர்த்துவிட்டார். ஆராய்ச்சிக்குச் சேதமில்லை. நான் கொண்டுவந்து வைத்த பதினோரு பையன்களில் ஒன்பது பெண் என்றும் அதே சோதனையில் தெரிந்தது. என் மகள்கள் மூவரும் சேர்ந்து என்னை மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இழுத்துப் போனார்கள். ஆகவே ராஜினாமாவைக் கிழித்துப் போடவும். நீங்கள் வர வேண்டியதில்லை. கடிதத்தை மட்டும் அக்காவுக்குப் படித்துக் காட்டவும், 'அப்பன் குடுக்கறதுல' என்ற இடத்தை இரண்டு தரம். என் மனைவியிடம் அதை நேற்றே சொல்லிவிட்டேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "உங்க அக்கா எப்ப வர்றாங்க?"