கப்பி மேஸ்திரியின் ஈர ரோடு

பிரெஞ்சு இந்தியா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், பெண் பார்க்க வந்தவர்களை ரோடு காயவில்லை என்று தெருமுனையிலேயே நிறுத்திவைத்த மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் கரிக்கலாம்பாக்கத்துக் கப்பி மேஸ்திரி.

மேஸ்திரி என்பது ஊர் வைத்த பட்டம். ஆள் என்னவோ கரும்பு விவசாயி. வீட்டு வாசலில் சர்க்கார் ரோடு போட ஆரம்பித்ததும் கரும்பை மறந்தார். கப்பிக்கல் பரப்பினால் கூடவே குனிவார். மாடுகள் கல் உருளையை இழுத்தால் பின்னாலேயே நடப்பார். மேடு பள்ளம் பார்க்கிறேன் என்று நடுரோட்டில் குப்புறப் படுத்துவிடுவார். வேலையாட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். செம்மண் தூவித் தண்ணீர் விட்டபின், ஈரம் காயும்வரை குடையோடு காவல் வேறு. ஆடு, கோழி, துரையின் மோட்டார், எதற்கும் வழியில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஏம்பலத்திலிருந்து எங்கள் வண்டி போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை நான். நல்ல நேரம் முடியப்போகிறதே என்று அப்பா தவித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி குடையைக் குறுக்கே நீட்டினார்.

"சம்மந்தி, வண்டி உள்ள வரக்கூடாது. தடம் வுழுந்துடும்."

"இன்னாய்யா இது! ராவுகாலம் வந்துடும்!"

"ராவுகாலம் வந்தா கொஞ்ச நேரத்துல பூடும். தடம் வுழுந்தா மழைக்காலம் பூரா தண்ணி நிக்கும்."

"நான் இன்னும் உனக்கு சம்மந்தியே ஆவல! டேய், வண்டியத் திருப்புடா!"

இதுவும் போச்சு என்று நினைத்தேன். அதுவரை பார்த்த இடமெல்லாம் அப்பாவின் கோபத்தால்தான் தட்டிப்போயிருந்தது. மேஸ்திரி வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"கண்ணு, தட்ட எடுத்துக்கினு ஓரமா நடந்து வாம்மா!"

தாம்பூலத் தட்டோடு பெண்ணே வந்தாள், ரோட்டோரப் புல்மேல் கால்வைத்து. அம்மா பட்டுப்புடவையோடு கப்பிக் குவியலில் உட்கார்ந்து பெண் பார்த்தாள். பெண்ணோ எங்களைப் பார்க்கவேயில்லை.

"அப்பா, அந்தாண்ட ஆடு ஏறுது பாரு!"

மேஸ்திரி குடையோடு ஓடினார். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே தட்டை வாங்கிக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து அவளை அழைத்துக்கொண்டு கிளம்பிய அன்று, மேஸ்திரி வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தார். பார்வை முழுக்கச் சக்கரத்தின்மேல். இன்றைக்குமா என்று எனக்கு எரிச்சல்.

"கண்ணு, வண்டி குலுங்குதாம்மா?"

"குலுங்கலப்பா."

ரோடு முடிகிற இடத்தில் அவர் நின்றுவிட்டார். அதற்கப்புறம்தான் வண்டி குலுங்க ஆரம்பித்தது. அவர் காதில் விழக்கூடாதென்று அவள் மெல்ல அழுதாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும்தான்.