கெந்தாவுக்குப் பெண் பார்த்த கதை

மோமோ மறுபடியும் மல்லாந்துவிட்டது.

நாலு காலையும் பரப்பிக்கொண்டு, வெளிர்மஞ்சள் வயிற்றைக் கூரைக்குக் காட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. பக்கத்தில் கெந்தா, சயோகோ ஆறு வருஷமாகக் கீரை நறுக்கிப் போட்டு வளர்த்த முள்வால் ஓணான், தன் முள்வாலைச் சுழற்றித் தொட்டியின் கண்ணாடியைச் சடார் சடாரென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு என்ன அர்த்தம், குசாகா-சான்?" என்று சயோகோ பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

குசாகா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னா, பெண் ஓணானுக்கு இஷ்டம் இல்லேன்னா இப்படி மல்லாந்துடுமாம்."

"போன ஞாயித்துக்கிழமையும் இதையேதான் சொன்னீங்க."

"போன ஞாயித்துக்கிழமையும் அதுக்கு இஷ்டம் இல்லையே."

இந்த ஆளை என்ன செய்வது? மோமோவுக்குச் சொந்தக்காரர் என்பதால் சயோகோ பொறுத்துக்கொண்டாள். பெண் வீட்டுக்காரர் ஆயிற்றே, பகைத்துக்கொள்ள முடியுமா?

விஷயம் இதுதான். சயோகோவுக்கு முப்பத்தெட்டு வயது. ஒசாகாவில் கேக் பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை, சொந்தச் சம்பளம், இரண்டு அறை வீடு, ஒரு கெந்தா. அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் யாவோவில் இருக்கும் அவள் அம்மாவுக்குத்தான். பல் டாக்டர், அரிசி வியாபாரி, மனைவியை இழந்த கோயில் குருக்கள் என்று மாப்பிள்ளை போட்டோக்களாகக் காட்டிக் காட்டி அந்த அம்மாள் மகளின் உயிரை வாங்கிவிட்டாள்.

புத்தாண்டுக்குப் போனபோது சயோகோ வெடித்தாள். "என் வீட்டுல ஒரு ஆம்பளை போதும்மா. கெந்தா இருக்கான். கீரை தின்னுட்டு சும்மா கிடக்கான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசறதில்ல."

வழக்கமாக அழுகிற அம்மா அன்றைக்கு அழவில்லை. அரிசிப் பலகாரத்தை நிதானமாக மென்று முழுங்கிவிட்டு, "சரிடி. உனக்குத்தான் வேண்டாம். அந்த ஓணானுக்காவது ஒரு ஜோடி தேடி வை. அது ஜோடி சேர்ந்து முட்டை வெச்சுடட்டும், சாகிற வரைக்கும் உன் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன்" என்றாள்.

"நிஜமாவா?"

அம்மா எழுந்துபோய், அப்பாவின் படத்துக்கு முன்னால் இருந்த சின்ன மணியைத் தட்டிச் சத்தியமே செய்தாள். சயோகோவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓணானுக்குப் பெண் பார்ப்பது ஒரு பெரிய காரியமா? ஆயுளுக்கும் விடுதலை!

மறுநாளே, கெந்தாவை வாங்கிய இடமான, கடைத்தெருவிலிருக்கும் ஹதனகா கிழவரின் ஊர்வன கடைக்கு ஓடினாள். கிழவர் தயாராகக் காத்திருந்த மாதிரி, "பெண்ணு இருக்கு. குசாகான்னு ஒருத்தர், நகராட்சித் தண்ணி ஆபீஸ்ல வேலை. அவர் வளர்க்கிற மோமோ பெண்ணுதான்னு நேத்துத்தான் பார்த்துச் சொன்னேன்" என்றார். பின்னால் கீரை நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி தோமியே நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அடுப்புல தண்ணி கொதிக்குது, போய்ப் பாரு" என்று கிழவர் அவளை உள்ளே விரட்டினார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் குசாகா வந்தார். ஒரு கையில் மோமோ, இன்னொரு கையில் வெப்பமானி. வந்ததும் வாசலில் தன் செருப்பை நேராக வைப்பார். பிறகு சயோகோவின் செருப்புகளையும் வரிசையாக அடுக்குவார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். என் செருப்பு கோணலாக இருந்தால் இவருக்கு என்னவாம்?

முதலில் தொட்டிக்கு நடுவே வலைத் தடுப்பு வைத்தார்கள். ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும் என்பது குசாகாவின் யோசனை. கெந்தா வாலால் வெளுத்த வெளுப்பில் தடுப்பு மோமோவின் தலைமேல் விழுந்தது.

"முகம் பார்க்க வேண்டாம், முதல்ல வாசனை பழகட்டும்" என்றார் குசாகா. இரண்டின் மணலையும் மாற்றிப் போட்டார்கள். கெந்தா மோமோவின் மணலை முகர்ந்தது, நேராக அதன்மேல் போய் மலம் கழித்தது. என்னாயிற்று என்று எட்டிப் பார்த்த குசாகாவின் கண்ணாடியில், இந்த ஓணான்களுக்கு மூக்கில் சேருகிற உப்பைத் தும்மியது.

"மரியாதை கத்துக்கொடுக்கலையா உங்க பையனுக்கு?"

"உங்க பொண்ணு மட்டும் ரொம்ப ஒழுங்கோ? எப்பப் பார்த்தாலும் மல்லாந்து படுத்துக்குது!"

சாயங்காலம் அம்மாவின் போன் வந்தது.

"என்னடி, ஆச்சா?"

"எங்க ஆச்சு? சண்டைதான்."

"பெண் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு போட்டியா?"

"டீ குடுத்தேன்."

"டீயா! பெண்ணைக் கொடுக்க வந்த மனுஷனுக்கு வெறும் டீயா? நீ உருப்படுவே! அவர் கோவிச்சுக்கிட்டு வராம போனா உன் ஓணான் கதி என்ன? அடுத்த வாரம் நான் சாமான் அனுப்பறேன், சமைச்சுப் போடு."

கூரியரில் பெட்டி வந்தது. முள்ளங்கி, மீன் உருண்டை, முட்டை, டோஃபு, எல்லாம் ரெண்டு பேருக்கு அளவாக. சயோகோ முணுமுணுத்துக்கொண்டே கொதிக்கவைத்தாள். குசாகா மூன்று தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டார். "முள்ளங்கி இன்னும் கொஞ்சம் வேகணும்" என்று வேறு சொன்னார். அப்போதே அந்தக் கரண்டியால் அவர் மண்டையில் ஒன்று போட்டிருக்கலாம்.

வசந்தம் வந்தது. "சூடு பத்தலை. சூடு ஏறினாத்தான் ஆசை வரும்" என்று குசாகா இரண்டாவது சூட்டு பல்பு கொண்டுவந்து மாட்டினார். சோறு வேகும் குக்கரும், இரண்டு பல்பும், மைக்ரோவேவும் ஒன்றாக ஓடியதில் டப்பென்று வீடே இருண்டது. அந்தக் கலவரத்தில் யார் காலோ தட்டித் தொட்டி மூடி விழ, கெந்தா குதித்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பயம் வந்தால் உடம்பை ஊதிக்கொண்டு சந்தில் இறுக்கிக்கொள்ளும். பிடித்து இழுக்க முடியாது, கெஞ்சத்தான் வேண்டும்.

இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்து, ஓணான்கள் தின்பதற்கென்று ஆற்றங்கரையில் குசாகா பறித்து வந்த மஞ்சள் பூவை நீட்டி நீட்டிக் கெஞ்சினார்கள்.

"கெந்தா கண்ணா, வாடா."

"அப்படிக் கொஞ்சினா வராது. பூவைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க."

"என் பிள்ளை எப்படி வருவான்னு எனக்குத் தெரியும்!"

"தெரிஞ்சா ஏன் வரலை?"

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அம்மாள் கதவைத் தட்டினாள். இருட்டில், தரையில், கையில் பூவோடு கிடந்த இருவரையும் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க, தெரியாம வந்துட்டேன்" என்று குனிந்து வணங்கிக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். சயோகோவுக்கு மானம் போயிற்று. குசாகாவோ, "நல்ல அம்மா. சத்தம் போடலை பாருங்க" என்றார்.

மழைக்காலம் தொடங்கியபோது குசாகா கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "உங்க வீடு கெந்தாவோட ராஜ்யம். அதான் திமிரு. புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னா, ரெண்டுக்கும் சொந்தமில்லாத இடமா பார்க்கணும்."

அப்படி எந்த இடம் வாடகைக்குக் கிடைக்கும்? கரோக்கே கடை அறைதான்.

ஐஸ்பெட்டிப் பையில் ஓணான்களை ஒளித்துக்கொண்டு போனார்கள். கண்ணாடிக் கதவு வழியாகக் கடைச் சிப்பந்தி எட்டிப் பார்க்கும்போதெல்லாம் மைக்கைப் பிடித்துப் பாட வேண்டியிருந்தது. சயோகோவுக்குச் சுருதி சுத்தமாக வராது. குசாகா துறைமுகத்தில் பிரிந்துபோன காதலியைப் பற்றிய பழைய பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். பாவி மனுஷன், நன்றாக வேறு பாடினார். சயோகோவுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?

பாட்டு முடிந்து திரும்பினால், சோபாவில் அதிசயம்! கெந்தாவும் மோமோவும் ஒட்டிப் படுத்திருந்தன. கெந்தா தன் தலையை மோமோவின் முதுகில் சாய்த்திருந்தது. வாலடி இல்லை, மல்லாத்தல் இல்லை.

"குசாகா-சான்!" என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினாள் சயோகோ. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா! சேர்ந்துடுச்சு! கட்டிக்கிட்டுப் படுத்திருக்கு! நீ தோத்துட்டே!"

"என்னது? அதெப்படிடி முடியும்?" என்று அம்மா அலறினாள். பிறகு கொஞ்சம் அடங்கி, "இல்ல, இவ்வளவு சீக்கிரமா எப்படின்னு கேட்டேன். சரியா பாரு. அவசரப்பட்டு அந்த மனுஷரை அனுப்பிடாதே!" என்றாள்.

தோல்வியை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை, பாவம் என்று சயோகோ சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

ஆனால் அறையில் ஏ.சி. உறையவைக்கிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. குளிரில் ஓணான் காதலிக்காது, விறைத்துக் கிடக்கும். அவ்வளவுதான்.

"புதுசா சேர்ந்த ஜோடி, சளி பிடிச்சுடப் போகுது" என்று குசாகா சட்டைப்பையில் மோமோவுக்காக வைத்திருந்த, கசக்கினால் சூடேறும் இரண்டு பொட்டலங்களை எடுத்து, அன்போடு அவற்றின் வயிற்றுக்கடியில் வைத்தார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. உடம்பில் சூடேறியதும் கெந்தா கண்ணைத் திறந்தது, தன் தலை எங்கே சாய்ந்திருக்கிறது என்று பார்த்தது, மோமோவின் கால்விரலைக் கவ்விவிட்டது. மோமோ வாலை வீசியது. குசாகாவின் கண்ணாடி பறந்தது. சயோகோ மைக்கில் அலறினாள். உருளைக்கிழங்கு வறுவலோடு உள்ளே வந்த சிப்பந்தி தட்டைக் கீழே போட்டான். பிறகென்ன, மழையில் நடுத்தெருவில் நின்றார்கள்.

"எல்லாம் உங்க பொட்டலத்தால வந்தது!"

"கடிச்சது உங்க பையன்!"

"கடிக்கிற மாதிரி நடந்துக்கிட்டது உங்க பொண்ணு! சரி, குடைக்குள்ள வாங்க, நனையறீங்க."

ஒரே குடையில், வழிநெடுக வாய்ச்சண்டையோடு ஹதனகாவின் கடைக்கு ஓடினார்கள். கிழவர் முடிவெட்டப் போயிருந்தார். தோமியேதான் இருந்தாள். மோமோவைக் கையில் வாங்கி விரலுக்கு மருந்து தடவினாள்.

"பெரிய காயமில்ல. எதுக்கு இதுங்களை ஒண்ணா விட்டீங்க? இனிமே என்ன பண்ணப் போறீங்க?"

"வேறென்ன? அடுத்த ஞாயித்துக்கிழமை குசாகா-சான் வீட்டுல வெச்சுப் பாக்கறோம்" என்றாள் சயோகோ.

"மீன் நான் வாங்கிடறேன்" என்றார் குசாகா.

"மத்தி வாங்காதீங்க. போன தடவை முள்ளு எடுத்தே என் உசிரு போச்சு."

"முள்ளு எடுத்தது நான். நீங்க சாப்பிட்டீங்க."

"ஏதோ ஒண்ணு. முள்ளங்கியை இந்தத் தடவை உங்க இஷ்டப்படியே வேகவைக்கறேன், போதுமா?" என்று அவரை ஒரு முறை முறைத்துவிட்டுத் தோமியேவிடம் திரும்பினாள். "இதுங்க முட்டை வைக்கிற வரைக்கும் நாங்க விடறதா இல்ல!"

"முட்டையா?"

தோமியே மோமோவைத் திருப்பித் தொடையைப் பார்த்தாள். பிறகு கெந்தாவையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரே குடையில் வந்து பாதி பாதி நனைந்து நின்ற இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஆம்பளையாச்சேம்மா, எங்கேர்ந்து முட்டை வைக்கும்? புத்தாண்டுக்கு முன்னாடி உங்க அம்மா வந்து, 'ஓணான் வளர்க்கிற, கல்யாணமாகாத ஆம்பளை யாராவது உண்டா'ன்னு கேட்டப்பவே என் வீட்டுக்காரர் இதைத் தெளிவா சொன்னாரே. 'அதனால என்ன, ஜோடி சேர வேண்டியது அதுங்க இல்லையே'ன்னு சொல்லிட்டுப் போனாங்களே!"