மோல்டிங் வெட்டப் போய் வலிப்பு வந்த கதை

தினமும் எட்டு மணி நேரம் மெஷின் பக்கத்தில் நிற்கிற ஆண்களுக்கு ஒரு நோய் வரும். உலகத்தில் உள்ள எல்லா மெஷினும் தன் பேச்சைக் கேட்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. இரும்புத் துண்டு அரை டிகிரி சாய்ந்திருந்தாலும் எடுத்து ரிஜெக்ட் பெட்டியில் போடுகிற கை இது. (போடுவது மட்டும்தான் நான். வெட்டுகிற ஆள் வேறு. இந்த வித்தியாசம் அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.)

எனக்கும் சுதாவுக்கும் கல்யாணமான புதிது. ஆரம்பாக்கத்தில் மாமியார் வீட்டில் மாடுலர் கிச்சன் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் சுதாவின் அண்ணன் லோகுவுக்காக. தங்கைக்கு முடித்துவிட்டுத்தான் தனக்கு என்று காத்திருந்த மனுஷன். அதற்குப் பிறகு வந்த இரண்டு சம்பந்தமும் தட்டிப்போயின. மூன்றாவதாக பொதட்டூர்பேட்டையில் ஒரு பெண். லோகுவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. போட்டோவைப் பார்த்துப் பார்த்தே போனில் சார்ஜ் தீர்த்துக்கொண்டிருந்தான். பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் பேசி முடிப்பதாக ஏற்பாடு.

கிச்சனில் எல்லாம் முடிந்து ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அலமாரியின் தலைக்கும் கூரைக்கும் நடுவில் சாய்வாக ஓடும் அலங்காரப் பட்டை. கிரவுன் மோல்டிங் என்பார்கள். அந்த நேரம் பார்த்து ராஜஸ்தான் கார்பெண்டருக்கு ஊரிலிருந்து போன் வந்து, கட்டிங் மெஷினையும் மோல்டிங் கட்டையும் அப்படியே போட்டுவிட்டு அவர் ரயில் ஏறிவிட்டார்.

"பேஜாரா போச்சே. இப்போ யார வெச்சி முடிக்கறது?" என்று அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) தலையில் கை வைத்தார்.

"ஆளு எதுக்கு அத்தை? மூலைக்கு இந்தப் பக்கம் நாப்பத்தஞ்சு டிகிரி, அந்தப் பக்கம் நாப்பத்தஞ்சு டிகிரி. ரெண்டையும் சேத்தா முடிஞ்சிது."

"ஒங்களுக்கு வருமா மாப்ள?"

"அத்தை, டிகிரிதான் எனக்கு சோறு போடுது."

இதைச் சொன்னபோது என் முகத்தில் இருந்த கம்பீரத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே ஓங்கி ஓர் அறை விடத் தோன்றுகிறது.

சனிக்கிழமை காலை நாஷ்டாவை முடித்துக்கொண்டு களத்தில் இறங்கினேன். சுதா வேலைக்குப் போயிருந்தாள். லோகு மட்டன் சொல்லிவைக்கப் போயிருந்தான். போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அதில் ஒருவர், இந்தக் கட்டையை மெஷினில் தலைகீழாக வைத்து வெட்ட வேண்டும், அதனால் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும் என்று ஆரம்பித்தார். நமக்கா தெரியாது என்று அதோடு நிறுத்திவிட்டேன்.

முதல் இரண்டு துண்டையும் வெட்டி மூலையில் பொருத்தினேன். சேர வேண்டிய இரண்டும் பங்காளிச் சண்டை போட்டவர்களைப் போல ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டன. சரி, இடதும் வலதும் மாறிவிட்டது என்று மாற்றி வெட்டினேன். இப்போது மேல் பக்கம் சேர்ந்தது, கீழ்ப் பக்கம் வாயைப் பிளந்தது. அதைத் திருத்த வெட்டினேன். திருத்தியதைத் திருத்த வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டை குட்டையாகிக்கொண்டே போய், அலமாரி முழுக்க ஓட வேண்டிய மோல்டிங் மத்தியானத்துக்குள் சப்பாத்திக் கட்டை அளவுக்கு வந்து நின்றது. மிச்சம் ஒரே ஒரு முழு நீளம்.

அந்த ஒன்றையாவது யோசித்து வெட்டலாம் என்று முடிவு செய்தேன். கட்டை தலைகீழாக இருப்பதுதானே குழப்பம்? நானும் தலைகீழாகிவிட்டால் சரியாகிவிடுமே. (கம்பெனியில் எனக்கு நல்ல மூளை என்று பெயர்.) கிரானைட் மேடை மேல் மல்லாந்து படுத்தேன். தலையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டேன். இரண்டு கையிலும் இரண்டு துண்டுகளைப் பிடித்து மேலே நீட்டி, மூலையை முறைத்துப் பார்த்தபடி "லெப்ட்டு, ரைட்டு... லெப்ட்டு, ரைட்டு" என்று முனகினேன். ஆழ்ந்து யோசித்தால் எனக்கு நாக்கு வெளியே வந்துவிடும். வந்தது.

அப்போதுதான் அத்தை உள்ளே வந்தார்.

அவர் பார்த்ததை அவர் பக்கமிருந்து யோசித்தால் பாவமாக இருக்கிறது. வீட்டு மாப்பிள்ளை, தலை தொங்கி, கண் மேலே செருகி, கை இரண்டும் விறைத்து, நாக்கு தள்ளிக் கிடக்கிறான்.

"ஐயோ, மாப்ளைக்கு வலிப்பு வந்துச்சி. ராணிம்மா, ஓடியா."

எதிர் வீட்டு ராணியம்மா அடுத்த நொடி உள்ளே இருந்தார். (அந்தத் தெருவுக்கு அவர்தான் ஆம்புலன்ஸ், செய்தி சேனல் இரண்டும்.) நான் எழுந்து "ஒன்றுமில்லை" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறக்கும்போதுதான் தரையெல்லாம் சிதறிக் கிடந்த துண்டுகள் கண்ணில் பட்டன. எழுந்தால் அவற்றுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். டிகிரி சோறு போடுகிற கதைக்கும் பதில் சொல்ல வேண்டும். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

என்னைத் தரையில் இறக்கிப் படுக்கவைத்தார்கள்.

"கையில இரும்பு குடுக்கா" என்றார் ராணியம்மா.

அத்தை சாவிக்கொத்தைத் திணித்தார்.

"இது பித்தளக்கா. வேலைக்கு ஆவாது."

இந்தக் காலத்து வீட்டில் இரும்புச் சாவிக்கு எங்கே போவது? கரண்டி எல்லாம் எவர்சில்வர். தேடித் தேடிக் கடைசியில் மாடிப்படிக்கு அடியிலிருந்து கடப்பாரையை இழுத்துவந்து என் நெஞ்சின் மேல் சாத்தி, இரண்டு கையையும் அதன் மேல் வைத்தார்கள். மூச்சு முட்டியது. அதில் என் முகம் கோணியதைப் பார்த்து, "இன்னும் வுடல போலகீது" என்று ராணியம்மா ஓடிப்போய், அன்று காலைதான் நைட் ஷிப்ட் முடித்து வந்திருந்த தன் கணவரின் சேஃப்டி ஷூவைக் கொண்டுவந்து என் மூக்கில் வைத்து அழுத்தினார்.

"மூச்ச நல்லா இழு நைனா."

இழுக்காமலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். செத்தவனையும் எழுப்பும் ஷூ அது.

அதற்குப் பிறகு நான் ராஜா. "மோல்டிங்கும் வாணாம், மண்ணும் வாணாம். நீங்க படுங்க மாப்ள" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாட்டுக்கோழி சூப் வந்தது. துண்டுகளை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானே அவற்றைப் பொறுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சாயங்காலம் வந்த சுதா மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாளைக்கும் வருமா, இல்ல சூப்பு தீந்ததும் நின்னுடுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பாவும், பெண்ணுக்கு அத்தையான அவர் தங்கையும், இன்னும் சில உறவினர்களும் வந்தார்கள். வீடு பிடித்தது. கிச்சன் பிடித்தது. மோல்டிங் இல்லாததை ஒருவரும் கவனிக்கவே இல்லை. காபி ஆனது. தட்டு மாற்றத் தேதி பேசப்போகும் நேரத்தில் பெண்ணின் அத்தை டம்ளரைக் கீழே வைத்தார்.

"எதிர் வூட்டம்மா சொன்னாங்க. ஒங்க மாப்ளைக்கு வலிப்பாமே. நேத்துகூட கடப்பாரை வெச்சாங்களாமே."

சொல்ல வாயெடுத்த என் மாமியாரை அந்த அம்மா கையமர்த்தினார்.

"வியாதி யாருக்கும் வரும், அது குத்தம் இல்ல. மாத்திர சாப்ட்டா சரியாப்பூடும். ஆனா எங்க கிட்ட சொல்லாம மறைச்சீங்க பாருங்க. இன்னும் இன்னா இன்னா மறைச்சிகினு கீறீங்களோ."

லோகுவைப் பார்த்தேன். போனைத் திருப்பித் தரையில் கவிழ்த்து வைத்தான். அவன் கல்யாணத்தை என் வறட்டு ஜம்பம் விழுங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு வலிப்பு இல்லீங்க" என்றேன். "எனக்கு வேலை தெரியாது. அவ்ளோதான்."

நம்பவில்லை. போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து துண்டுகளை அள்ளிவந்து நடுக்கூடத்தில் கொட்டினேன். அப்போதும் நம்பவில்லை. அத்தனை பேரையும் கிச்சனுக்குக் கூட்டிப்போய், பட்டு வேட்டியோடு மேடையில் மல்லாந்து, தலையைத் தொங்கவிட்டு, கையை நீட்டி, நாக்கையும் தள்ளிக் காட்டினேன்.

"அடப்பாவி" என்றார் என் மாமியார். அதுவரை வாங்கிய "மாப்ள", "நீங்க" எல்லாம் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோயின.

பெண்ணின் அப்பா இரண்டு துண்டை எடுத்தார். சேர்த்துப் பார்த்தார். சேரவில்லை. திருப்பினார். "இது லெப்ட்டுதானே?" என்று தலையைச் சாய்த்தார். "இல்லண்ணே, அது ரைட்டு" என்று அவர் தங்கையும் தலையைச் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் பெண் வீட்டார் மொத்தமும் ஆளுக்கு இரண்டு துண்டுகளோடு, கழுத்தை ஒடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஜோடிகூடச் சேரவில்லை. முதலில் சிரித்தது அந்த அத்தைதான். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை.

"தட்ட கொண்டாங்க" என்றார் பெண்ணின் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இவ்ளோ மோசமா வெட்டுனத வெளிய எடுத்து காட்றவங்க வேற எதையும் மறைக்க மாட்டாங்க."

லோகுவுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். அவன் மனைவி தேவி அன்று அங்கே இல்லை. ஆனால் கூட இருந்தவர்களைவிட நன்றாகக் கதையைச் சொல்லுவாள். நான் ஆரம்பாக்கத்துக்குச் சாப்பிடப் போகும்போதெல்லாம் இலையைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தில் துளி சிரிப்பில்லாமல் கேட்பாள்:

"எலய எங்க போடட்டும்ணா? கீழ ஒக்காந்துக்கினு சாப்புடுவீங்களா, மேடை மேல படுத்துக்கினா?"