இடமிருந்து நாலாவது சுவர்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

போனில் உங்களிடம் "ம்" என்பதைத் தவிர வேறொன்றும் பேசியறியாத உங்கள் தங்கை மகள் எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் மட்டும் ஏணியைக் கண்டால் முனகுகிறது. நீங்களும் அத்தையும், உங்கள் வீட்டு மாடியில் இருக்கும் என் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன எழுத்து, அதற்கு மேல் வளரவில்லை.

போன வாரம் நீங்கள் அப்பாவிடம் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "மூணு வருஷமா புள்ளைய நாடு நாடா கூட்டிட்டுத் திரியறீங்களே மாப்ள, அவ என்னத்தப் பாத்தா? எங்க போனாலும் செவத்தப் பாத்துட்டு நிக்கிறா. மாசக் கடைசில அனுப்பி வைங்க. எங்க ஜவுளிக்கடை வாசல்ல எனக்குப் பக்கத்துலயே ஒரு எடம் சொல்லி வச்சிருக்கேன். நாலு பேரை வாங்க வாங்கன்னு கூப்பிட்டா கூச்சம் தானா போயிடும்" என்றீர்கள். போனை வைத்துவிட்டு அப்பா வெகுநேரம் கரணையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "உங்க மாமாகிட்ட மறுத்துப் பேச எனக்கு வராதும்மா. இருக்கணும்னா நீயே எழுது. அவர் சரின்னா இரு. இல்லன்னா பெட்டியக் கட்டு." ஆகவே மாமா, இந்தக் கடிதத்தை நம்பித்தான் நான் இருக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் பார்த்தது சுவர்தான். எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன். கண்காட்சி மண்டபங்களில் பலகைச் சுவர் எழுப்புவோம். பத்து நாள் நிற்கும், பிறகு பிரித்துவிடுவோம். தச்சர்கள் சட்டம் அடிப்பார்கள், அப்பா பலகை பூட்டுவார், நான் இணைப்புகளுக்கும் திருகாணிக் குழிகளுக்கும் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எல்லாவற்றையும் ஒரே சுவராக்குவேன். முடிந்ததும் எங்கள் மேஸ்திரி விளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடிப்பார். மேடுபள்ளம் இருந்தால் நிழல் விழும். எதிலும் கோணல் கண்டுபிடிப்பதால் அவருக்கு, மட்டம் பார்க்கும் கருவியின் பெயரையே வைத்து, ரசமட்டம் என்று பெயர். சாப்பாட்டுத் தட்டைக்கூட நேராகத் திருப்பி வைத்த பிறகுதான் கை வைப்பார். அப்படிப்பட்டவர் போன வருஷம் என் சுவரில் விளக்கைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பலகை எங்க முடியுதுன்னு நீயே சொல்லிடு தாயி, எனக்குத் தெரியல" என்றார். அப்பா இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். பெருமையை எல்லாம் வாய்க்குள்ளேயே வைத்திருப்பவர்.

கூச்சப்படுகிறவர்களுக்குச் சுவர் ஒரு வசதி, மாமா. யாராவது பேச வந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். அப்படித் திரும்பித் திரும்பியே நான் உலகத்தைப் பார்த்துவிட்டேன். ஒரு நாட்டில் கலவையே இல்லாமல் கல்லோடு கல்லைப் பொருத்திய சுவர் இருந்தது. இடுக்கு இருக்கிறதா என்று அப்பா தன் அடையாள அட்டையை நுழைத்துப் பார்த்தார். அட்டைதான் மடங்கியது, அன்று மாலை மண்டபத்துக் காவலாளி அந்த அட்டையில் இருப்பது அப்பாதான் என்று நம்ப மறுத்துவிட்டார். இன்னொரு நாட்டில் மண் சுவர், பூசியவர்களின் விரல் தடம் மேலிருந்து கீழே ஓடும், இடுப்பு உயரத்தில் மட்டும் குறுக்கே ஒரு குட்டிக் கை பதிந்திருக்கும். வேலை நடக்கும்போது அம்மாவின் முந்தானையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் வைத்திருக்கும் என்று நினைக்கிறேன். ஓர் ஊரில் அண்ணன் தம்பி சண்டை போட்டு வீட்டுக்கு நடுவே எழுப்பிய சுவரில் ஒரு தட்டு அளவுக்கு ஓட்டை விட்டிருந்தார்கள். கடிகாரம் அண்ணன் பக்கம் மாட்டிப்போயிற்றாம், தம்பி மணி பார்க்க வேண்டாமா? நாங்கள் தங்கிய ஒரு விடுதிச் சுவர் அட்டைபோல மெல்லியது. அடுத்த அறைக்காரர் தும்மினார், அப்பா "நூறு வயசு" என்றார், அந்தப் பக்கத்திலிருந்து அவர் மொழியில் ஏதோ பதில் வந்தது. அதிலிருந்து தினமும் இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். ஒரு வார்த்தைகூட இருவருக்கும் புரியவில்லை, காலி செய்யும்போது அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதையெல்லாம் "ஒன்றும் பார்க்கவில்லை" என்ற கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது வந்திருக்கும் ஊரில் கண்காட்சியின் பொருளே சுவர்தான். பல நாடுகளிலிருந்து சுவர்த் துண்டுகளை அறுத்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றுக்கு இடையில் நாங்கள் பலகைச் சுவர் எழுப்ப வேண்டும். "செவத்தக் காட்ட செவுரு கட்டச் சொல்றாங்க, நமக்கு என்ன, கட்டுவோம்" என்றார் ரசமட்டம். எனக்கு மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன், அத்தையை உட்காரச் சொல்லுங்கள். தச்சர்கள் சுவரின் முதுகுப் பக்கம் நின்று சட்டம் அடிப்பதால், அவர்கள் இடது வலது எண்ணுவதெல்லாம் முதுகிலிருந்து. பட்டி வைக்கும் நாங்கள் முகத்தின் பக்கம் நிற்பதால் எங்களுக்கு எல்லாம் முகத்திலிருந்து. தச்சர் சீட்டை ரசமட்டம் திருப்பி எழுதித்தான் எனக்குக் கொடுப்பார். அன்று அவசரத்தில் தச்சருடைய சீட்டே என் கைக்கு வந்துவிட்டது. "மூன்றாம் வரிசை, இடமிருந்து நாலு, விரிசல் பாக்கி." நான் என் இடது பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு போனேன். அங்கே உச்சி முதல் அடி வரை விரிசல் விட்ட ஒரு பழைய மண் சுவர் நின்றது. பக்கத்தில் ஓர் அட்டையில் ஏதோ எழுதியிருந்தது. அந்த மொழி எனக்குத் தெரியாது. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்க வாய் திறக்க வேண்டும். சீட்டில்தான் எழுதியிருக்கிறதே என்று வேலையை ஆரம்பித்தேன்.

தப்பு செய்தேன் மாமா, ஆனால் அரைகுறையாகச் செய்யவில்லை. எங்கள் வெள்ளைப் பட்டி அந்த நிறத்துக்கு ஒத்துவராது என்று மண்டபத்துத் தோட்டத்து மண்ணைச் சலித்தெடுத்தேன், சீமைச்சுண்ணாம்புத் தூள் ஒரு கை சேர்த்தேன், பசை மண்ணைக் கடித்துக்கொண்டு பின்னால் பெயர்த்துவிடும் என்பதால் பசை சேர்க்கவில்லை. பழைய விரல் தடம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அதே பக்கம் என் விரலை இழுத்தேன். நாலு மணி நேரம். முடிந்தபோது விரிசல் எங்கே இருந்தது என்று எனக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை.

மறுநாள் காலை கண்காட்சியின் பொறுப்பாளர் அம்மா வந்தார். சுவரைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். பிறகு கையை வீசி ஐந்து நிமிஷம் பேசினார். அந்த மொழி எங்களில் ரசமட்டத்துக்கு மட்டும்தான் தெரியும். அவர் எங்கள் பக்கம் திரும்பி, "கோவமா இருக்காங்க" என்று மொழிபெயர்த்தார். விஷயம் இதுதான்: உண்மைச் சுவரை யாரோ திருடிக்கொண்டு, போலிச் சுவரை வைத்துவிட்டார்களாம். முந்தின நாள் மாலை மண்டபத்திலிருந்து வெளியே போன ஒரே வண்டி எங்களுடையது என்பதால் எங்கள் லாரி ஓட்டுநரைப் பிடித்துவிட்டார்கள். "கால் டன் செவுருங்க. சட்டப் பையில போட்டுட்டா போனேன்?" என்று அவர் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ போலீசுக்குப் போன் போட்டார்கள்.

ரசமட்டம் விளக்கைக் கொண்டுவந்து சுவரோடு சாய்த்துப் பிடித்தார். நிழலே இல்லை. அவர் கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார், விளக்கை அணைத்துவிட்டார்.

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஓட்டுநரை இரண்டு காவலாளிகள் தோளில் கைவைத்து அழைத்துப் போனார்கள். "நான்தான் அடைச்சேன்" என்றேன். யார் காதிலும் விழவில்லை. இன்னொரு முறை சொன்னேன். அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "யாரு பேசினது?" என்றார். மூன்றாவது முறை சொன்னபோது மண்டபம் முழுக்க எதிரொலித்தது. எனக்கு இவ்வளவு குரல் இருக்கிறது என்பது எனக்கும் அன்றுதான் தெரியும்.

ரசமட்டம் மொழிபெயர்த்துச் சொன்னார். பொறுப்பாளர் அம்மா நம்பவில்லை. கொஞ்சம் சிரித்தார்கூட. அதனால் சாக்கட்டியை எடுத்து, அந்த விரிசல் எங்கே வளைந்தது, எங்கே இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்தது என்று உச்சியிலிருந்து அடிவரை சுவரில் கோடு போட்டேன். பழைய பொருள்களைப் பழுது பார்க்கும் ஒரு பெரியவர் அந்தச் சுவரின் பழைய புகைப்படத்தை விரித்துப் பிடித்தார். கோடும் படமும் ஒன்றாக இருந்தன. பிறகு ஈரப் பஞ்சாலும் சின்னக் கத்தியாலும் நான் வைத்ததை நானே எடுத்தேன். பசை போடாததால் குழைந்து வந்தது. பழைய மண் ஒரு பொட்டுகூட உதிரவில்லை.

அதன் பிறகுதான் ரசமட்டம் அட்டையைப் படித்துச் சொன்னார். அது இரண்டு வீட்டுக்கு நடுவே இருந்த சுவராம். பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள். ஒரு நாள் பூமி அதிர்ந்து சுவர் வெடித்தது. வெடிப்பு வழியாக அந்தப் பக்கத்திலிருந்து, "உசுரோட இருக்கீங்களா?" என்று கேட்டார்களாம். அன்றிலிருந்து சாகும்வரை அவர்கள் அதை அடைக்கவே இல்லை. "அத போயி அடைச்சிட்டு வந்திருக்கியே தாயி" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பொறுப்பாளர் அம்மா மறுபடி ஐந்து நிமிஷம் பேசினார். "வேலை ரொம்ப சுத்தம்கறாங்க" என்றார் ரசமட்டம். "ஆனா கோவமா இருக்காங்க." ஓட்டுநரை விட்டுவிட்டார்கள். அந்தப் பெரியவர் என் பக்கத்தில் வந்து, ரசமட்டம் வழியாக, எத்தனை பங்கு மண், எத்தனை பங்கு தூள் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். மாமா, ஒன்பதாவதில் நின்ற நான் சொன்னேன், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அப்பா அதைத் தன் போனில் படம் எடுத்திருக்கிறார். அவசரத்தில் எடுத்ததால் அப்பாவின் கட்டைவிரல்தான் பெரிதாகத் தெரிகிறது, ஓரத்தில் நான் இருக்கிறேன்.

ஆகவே நான் வரவில்லை. கடை வாசலில் நின்று முகம் தெரியாதவர்களை வரவேற்க என்னால் ஆகாது. ஒரு நாளில் நாலு பேரிடம் பேசினாலே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். என் இடம் சுவர்ப் பக்கம். அங்கே நான் கெட்டிக்காரி. இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இல்லை. நீங்கள் சரி என்று சொன்னால் அப்பா நிம்மதியாக ஏணி ஏறுவார்.

அத்தைக்கு என் அன்பு. அம்மாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். உங்கள் ஆசீர்வாதம் எனக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகள்

பி.கு.: இந்தக் கடிதத்தைப் படம் எடுப்பதற்குள் ரசமட்டம் வந்துவிட்டார். நடந்ததைக் கேள்விப்பட்டு, விரிசலைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பது பேர் நாளைக் காலை ஒன்பது மணிக்கு வருகிறார்களாம். அடைத்ததையும் திறந்ததையும் சுவர்ப் பக்கத்தில் நின்று நானே சொல்ல வேண்டுமாம், அவர் மொழிபெயர்ப்பாராம். பத்து நாளும், தினம் மூன்று கூட்டம். யோசிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். எனவே வரவேற்க என்னால் ஆகாது என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்பதை மட்டும் அடிக்காதீர்கள். நீங்கள் இருபத்திரண்டு வருஷமாக வாசலில் நிற்கிறீர்கள். முகம் தெரியாதவர்கள் உள்ளே வந்ததும் முதலில் என்ன சொல்வீர்கள், கையை எங்கே வைத்துக்கொள்வீர்கள்? இதைப் படித்ததும் போன் செய்யுங்கள் மாமா. நானே எடுக்கிறேன், பேசுகிறேன்.