படம் திறக்கவில்லை

"அந்தப் படம் தொறக்கவே மாட்டேங்குதாம்டா. மாப்ள வூட்ல எல்லார் போன்லயும் தட்டிப் பாத்துட்டாங்களாம். தரகர் போன் பண்ணாரு," என்றாள் அம்மா ஜான் பீவி.

சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்த ஜுல்பிகர் இன்னும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. தங்கை ருக்சாரின் படத்தை மேல்பட்டாம்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியவன் அவன்தான். புதுக் கேமரா. ரா போட்டோவாக, அதாவது கேமரா பக்குவப்படுத்தாத பச்சைப் படமாக எடுத்தால்தான் தரம் என்று எங்கோ படித்துவிட்டு, அப்படியே எடுத்திருந்தான்.

"அது அரிசி மாதிரிம்மா. சாஃப்ட்வேர்ல போட்டு வேக வச்சாத்தான் சோறு."

"அவுங்க காத்துகினு இருக்காங்க. போன்லயே ஒண்ணு எடுத்து அனுப்பிடேன்."

"போன்ல என் மூக்கு பெருசா தெரியும்மா," என்றாள் ருக்சார். "அண்ணன் எடுத்ததே இருக்கட்டும். அண்ணே, கேமரா கம்பெனியே சும்மா ஒரு சாஃப்ட்வேர் குடுக்கறான். புதுசா பழகறவங்களுக்கு அதான் சுலபமாம்."

வீட்டில் தன் கேமராவை மதிக்கிற ஒரே ஆள் தங்கைதான் என்று ஜுல்பிகருக்கு மனம் குளிர்ந்தது.

பழைய லேப்டாப் முக்கி முனகி அந்த சாஃப்ட்வேரை ஏற்றிக்கொண்டது. படம் திறந்தது. வேப்பமரத்தடியில் நின்றதால் ருக்சாரின் முகம் இலைப்பச்சையாக இருந்தது. பச்சையைக் குறைத்தான். முகம் ரோஸ் மில்க் நிறத்துக்குப் போனது.

"வேற பாக்கலாம்ணே," என்றாள் ருக்சார். "மாச வாடகைக்கு ஒண்ணு இருக்கு. மொத வாரம் இலவசம்."

அதில் வானம் அருமையாக வந்தது. முகத்தைப் பளபளப்பாக்கப் போய், தாடையில் இருந்த மச்சம் காணாமல் போனது.

ஜான் பீவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "யாருடா இந்தப் பொண்ணு?"

மச்சத்தைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் இலவச வாரம் முடிந்து சாஃப்ட்வேர் பூட்டிக்கொண்டது. தரகர் ஷேக் தாவூத் மறுபடியும் போன் செய்தார்.

"வெந்துகினு இருக்குங்க," என்றாள் ஜான் பீவி. வேறென்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"எப்பவுமே இலவசமா ஒண்ணு இருக்குண்ணே," என்றாள் ருக்சார். "கத்துக்கக் கொஞ்சம் நாளாகும். ஆனா கலர் அப்படியே வருமாம்."

கொஞ்ச நாள் இல்லை, நிறைய நாள் ஆனது. எதைத் தொட்டாலும் அதற்குள் பத்து பொத்தான்கள் இருந்தன. சுரங்கத்தில் டீ நேரத்திலும் ஜுல்பிகர் போனில் பாடம் பார்த்தான். பக்கத்து வீட்டு அய்யாசாமி, "பரீட்சை எழுதறியா தம்பி?" என்று கேட்டார்.

கடைசியில் ஒரு நாள் படம் சரியாக வந்தது. ருக்சார் ருக்சாராகவே இருந்தாள், மச்சத்தோடு.

அவள் வெகு நேரம் உற்றுப் பார்த்தாள். "நெத்தி கொஞ்சம்..." என்று இழுத்தாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

ஜுல்பிகர் உடனே அனுப்பிவிட்டான்.

மறுநாள் காலை தரகர் கூப்பிட்டார். "படம் பிரமாதம் தம்பி. ஆனா வடலூர்ப் பொண்ணு ஒண்ணையும் பாத்துகினு இருந்தாங்க. அந்தப் பொண்ணு வூட்ல அன்னிக்கே போன்ல எடுத்து அனுப்பிட்டாங்க. முந்தாநாள் பேசி முடிச்சாச்சு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார், "கல்யாணத்துக்குப் படம் எடுக்க நீ வருவியான்னு மாப்ள கேக்கறாரு."

ஜான் பீவி அடுப்படிக்குள் போனாள். நல்ல இடம். விசாரித்தவர்கள் எல்லாரும் தங்கமான பையன் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

ருக்சார் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜுல்பிகர் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"என்னாலதான் எல்லாம் போச்சு ருக்சார். பேசாம போன்லயே எடுத்து அனுப்பியிருக்கணும்."

அவள் கடைசித் துணியையும் உதறிக் கொடியில் போட்டாள்.

"விடுண்ணே. எனக்குத் தெரிஞ்ச சாஃப்ட்வேர் எல்லாம் தீந்துபோச்சே, இனிமே என்ன சொல்லி இந்தச் சம்பந்தத்த நிறுத்தறதுன்னு நான்தான் பயந்துகினு இருந்தேன்."