இரண்டே நாற்காலி உள்ள ஆபீஸ்

என் அண்ணன் பெற்ற அருமை மகளுக்கு, சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் சித்தியும் என் முதுகுவலியும் சௌக்கியம். அங்கே அண்ணியும் சௌக்கியம் என்று போனில் அவர் போட்ட சத்தத்திலேயே தெரிந்துகொண்டேன்.

நிற்க. ஒரு பெரிய மக்கள் தொடர்பு கம்பெனியும் ஒரு சின்ன கம்பெனியும் உன்னைக் கூப்பிடுகின்றன, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், எதில் சேர என்று கேட்டிருக்கிறாய். கம்பெனிப் பெயரைக்கூட எழுதவில்லை. பரவாயில்லை, இரண்டு வகையிலும் குப்பை கொட்டியவன் நான். ஊரில் உள்ளவனுக்கெல்லாம் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தே காலம் போயிற்று. எனக்கென்று ஒன்று எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

பெரிய கம்பெனி என்றால் கண்ணாடிக் கட்டடம். வாடிக்கையாளர் வரும் முதல் நாள் கோட்டு போட்ட பெரிய தலைகள் வரிசையாக உட்கார்ந்து ஆடும். மறுநாளிலிருந்து வேலை பார்ப்பது நேற்றுச் சேர்ந்த பொடிசு. ஒருமுறை தண்ணீர்த் தொட்டி செய்பவர்கள் வந்தார்கள். தொட்டி வெடித்து ஒரு தெருவே நனைந்துவிட்டது, மன்னிப்பு அறிக்கை வேண்டும். நாலே வரியில் எழுதினேன். குழுத் தலைவி, "மன்னிப்புன்னா கொஞ்சம் உறுத்துதே" என்று அதை வருத்தம் ஆக்கினார். வக்கீல், "வருத்தப்பட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி சார்" என்று 'கவனத்தில் கொண்டோம்' ஆக்கினார். அவருக்கு மேலே இருந்தவர், "இதுல சந்தோஷமா ஒண்ணுமே இல்லையே" என்றார். கடைசியில், எங்கள் தொட்டித் தண்ணீர் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சென்று சேர்ந்ததைப் பெருமிதத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று பத்திரிகைகளுக்குப் போயிற்று. தெருவே ஈர மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டது. மேலே இருந்த ஒருவரும் கீழே இறங்கவில்லை. அறிக்கையின் அடியில் இருந்த போன் நம்பர் என்னுடையது.

சின்ன கம்பெனி, அதாவது இப்போது நான் இருப்பது, ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. இரண்டே நாற்காலி: முதலாளிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வருகிறவர்கள் பழைய பத்திரிகைக் கட்டின்மேல் உட்காரலாம். அந்த வெட்கத்தில்தான் ஆபீஸ் எங்கே என்று உங்கள் யாருக்கும் நான் சொன்னதில்லை. போன மாதம் ஒரு செருப்புக் கடைக்காரருக்காக நிருபர்கள் கூட்டம் வைத்தோம். நிருபர் ஒருவரும் வரவில்லை. "அண்ணே, நீங்க போய் நிருபர் மாதிரி முன்னாடி உட்காருங்க" என்றார் முதலாளி. உட்கார்ந்தேன். நானே எழுதி வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்: "இந்தச் செருப்பு ஒரு மழைக்குத் தாங்குமா?" என்னை முன்பின் பார்த்திராத கடைக்காரர், முதலாளி மூலம் நான் எழுதிக் கொடுத்திருந்த பதிலை மறந்துபோய், "யாருய்யா இவன்? எதிர்க்கடைக்காரன் அனுப்பின ஆளா?" என்று எகிறினார். முதலாளி அசரவில்லை. "நாங்க பேசி வாயை அடைச்சிடறோம் சார், அதுக்குத் தனி சார்ஜ்." என் வாயை அடைக்க வாங்கிய காசில் எனக்கு ஒரு டீகூட வரவில்லை.

இருந்தாலும் நீ சின்ன கம்பெனியிலேயே சேர். அங்கே பொய் சொல்வது யார் என்றாவது தெரியும்: நீதான். அனுபவத்துக்கும் மரியாதை உண்டு. நேற்றுகூட முதலாளி, "நீங்க செய்யற வேலையெல்லாம் ஒண்ணு விடாம எழுதி வைங்கண்ணே, பின்னாடி வர்றவங்களுக்கு உதவும்" என்றார். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு. "பெரிய கம்பெனின்னாதான் நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாம்" என்பார் அண்ணி. அந்த நாலு பேரையும் எனக்குத் தெரியும். காதில் வாங்குகிற ஜாதியே இல்லை.

அண்ணனுக்கு என் வணக்கம், அண்ணிக்கு என் பயம், உனக்கு என் ஆசி. ஊராருக்கு வாங்கிக் கொடுத்தது போக மிச்சப்பட்ட புகழோடு நன்றாக இரு.

இப்படிக்கு,
சித்தப்பா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சித்தி உன் அம்மாவிடம் போனில் விசாரித்தாள். அந்தச் சின்ன கம்பெனி தையல் கடைக்கு மேலே இருக்கிறதாமே? பத்திரிகைக் கட்டின்மேல் உட்கார்ந்துதான் பேசினாயாமே? "இந்த நாற்காலி சீக்கிரம் காலியாயிடும்மா" என்றாராமே முதலாளி! அது என் நாற்காலி. என்னைக் கூரியர் போட அனுப்பிய நேரமாகப் பார்த்துத்தான் உன்னை வரச் சொல்லியிருக்கிறார். மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிடு. பெரிய கம்பெனிக்கு ஈடு உண்டா? குளுகுளு அறை, ஆளுக்கொரு நாற்காலி! யோசித்துப் பார்த்தால், அந்தத் தெருவுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததும் நல்ல காரியம்தானே? திங்கட்கிழமை விடிந்ததும் அங்கே போய்ச் சேர்ந்துவிடு. இதைப் பெருமிதத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.