இரண்டு கேபி ஆத்மா

பூரணாங்குப்பம் தென்னந்தோப்பில் அந்த ஆடி மாதம் இறந்தவர்களுக்குத்தான் மவுசு. உயிரோடு இருந்தவர்கள் வெயிலில் வரிசையில் நின்றோம். பாகூரிலிருந்து ஷேர் ஆட்டோ, கடலூரிலிருந்து வேன். பந்தல் வாசலில் இருபதடி பேனரில் ஒளிமுகச் சித்தர் சிரித்துக்கொண்டிருந்தார். முன்பல்லில் ஒட்டிய வெற்றிலைகூடத் தெரியும். அவ்வளவு தெளிவான படம்.

சித்தரின் வித்தை இதுதான். இறந்தவரின் படத்தை வாங்கி லேப்டாப்பில் ஏற்றி, பெரிய டிவியில் காட்டுவார். முகம் இருக்காது. வெறும் சதுரங்கள். மூக்கு எது, காது எது என்று பெற்ற தாயே சத்தியம் செய்ய முடியாது. "ஆத்மா வூட்ட வுட்டுப் போயிடுச்சு" என்பார். பரிகாரம் செய்தால் அடுத்த வாரம் முகம் பளிச்சென்று வரும். வந்ததே! கண்ணால் பார்த்தோம்.

பார்த்தோம் என்று ஊரைச் சேர்த்துக்கொள்வது என் வெட்கத்தை மறைக்கத்தான். என் டோக்கன் நாற்பத்தொன்று. மாமனாரின் முகம் திரும்பி வரப் போன வாரமே ஐந்நூறு ரூபாய் கட்டியிருந்தேன். அவர் உயிரோடு இருந்தபோது அந்த முகத்துக்குப் பயந்து கொல்லைப்புறமாக ஓடியவன் நான்.

எனக்கு முன்னால் பனித்திட்டு ஊர்க்காரி காசம்மாள், மீன் விற்பவள். அவள் கணவர் செல்லப்பன் கடலுக்குப் போய் மூன்று வருடம்; திரும்பவில்லை. அவருக்கு இருந்தது ஒரே படம், அவள் செல்போனில். அதைச் சித்தரின் லேப்டாப்பில் ஏற்றிய மறுநாளே செல்போன் கடலில் விழுந்து செத்தது. இனி அந்த முகம் சித்தரிடம் மட்டும்தான். இரண்டு பரிகாரம் முடிந்தும் சதுரங்களே வந்தன.

"கம்மல காணிக்கையா வையி" என்றார் சித்தர்.

"அவரு வாங்கித் தந்ததாச்சே சாமி."

"அதான் அத்தக் கேக்குறாரு."

காசம்மாள் திருகாணியைத் திருக ஆரம்பித்தாள்.

"இரு அக்கா, கழட்டாத." முன்னால் வந்தவள் ரோஸ்லின். பாகூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். ஆன்லைன் விண்ணப்பங்கள் ஐம்பது கேபி அளவுக்குள் போட்டோ கேட்பதால், நாளெல்லாம் ஊர் முகங்களைச் சுருக்குவதே அவள் பிழைப்பு.

"சாமி, எங்க ஊர்ப் பெரியவரு ஒருத்தரு. பென்டிரைவுல ரெண்டு படம் இருக்குது. மொதல்ல இத்தப் பாருங்க."

டிவி நிறையச் சதுரங்கள். சித்தர் கண்ணை மூடினார். "செத்து ஏழு வருசம். பாவம் பண்ண ஆத்மா, அலையுது."

"இன்னா பாவம் சாமி?"

"ஊர ஏமாத்துனவன்."

"கரெக்டா சொல்றீங்க. ரெண்டாவது படமும் அதே ஆளுதான். தொறங்க."

சித்தரின் விரல் தயங்கியது. பக்கத்தில் நின்ற நான் அழுத்திவிட்டேன். ஐந்நூறு கொடுத்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

டிவியில் சித்தர் சிரித்தார், வெற்றிலை உட்பட.

"அய்யய்யோ, சாமி செத்து ஏழு வருசமாச்சாம்பா!" என்று பின்வரிசையில் ஒரு குரல். பந்தலே குலுங்கியது.

"பேனர்ல இருக்குற படந்தான். ரெண்டு கேபிக்கு சுருக்கிட்டுப் பெருசா இழுத்தேன்" என்றாள் ரோஸ்லின். "சுருக்குறப்ப போனது போனதுதான். திரும்ப இழுத்தா சதுரந்தான் பெருசாவும், முகம் வராது. எந்த மந்திரத்துக்கும் வராது. இவருக்கு மட்டும் எப்பிடி வருது? ஒரிஜினல ஒளிச்சு வெச்சிருந்தா வரும்."

லேப்டாப்பில் தேடினாள். ஒவ்வொரு பெயரிலும் இரண்டு படம். ஒன்று தபால்தலை அளவு, ஒன்று முழுசு. சித்தர் மெல்ல எழுந்தார். மீன்கூடையோடு நான்கு பெண்கள் வாசலை மறித்தார்கள். "எங்க சாமி, அலையவா?"

ரோஸ்லின் செல்லப்பனின் முழுப் படத்தைத் திறந்தாள். தோளில் வலை, புருவத்தில் தழும்பு, கேமராவை முறைத்துக்கொண்டிருந்தார். காசம்மாள் டிவிக்குப் பக்கத்தில் போய் முந்தானையால் திரையைத் துடைத்தாள்.

"இன்னாத்துக்குய்யா மொறைக்கிற? கம்மல் காதுலதான் இருக்குது."

அடுத்து என் மாமனாரும் தெளிவாக வந்தார். அவர் பார்த்த பார்வையில் அந்த ஐந்நூறு ரூபாயைப் பற்றிய கேள்வி இருந்தது. இந்த முறை ஓடக் கொல்லைப்புறம் இல்லை.

சுருக்கிய படம் திரும்பாதாம். நல்லவேளை, அறிவு அப்படியில்லை. சாமியார் வாசலில் எத்தனை முறை சுருக்கிக் கொடுத்தாலும் ஒரிஜினல் நம் கழுத்துக்கு மேலேயே இருக்கிறது. எப்போதாவது திறந்து பாருங்கள்.